மேகத்துக்குள் ஒரு சூதாட்ட நகரம்

வரலாற்றுத் தொடர் – 14

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். வெள்ளைக்காரத் துரைமார் விற்றுவிட்டுப் போன காலம் அது. அதே ஆண்டுகளில்தான் ஆளே இல்லாத ஒரு காட்டு மலை, நாட்டின் ஆடம்பர நகரமாக மாறத் தொடங்கியது. அதுதான் கெந்திங்.

அதை உருவாக்கிய லிம் கோ தோங் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் பிறந்து, 1937இல் மலாயாவுக்கு வந்தவர். கட்டுமானக் குத்தகையில் முன்னேறினார். 1960களின் தொடக்கத்தில் கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் வேலை செய்தபோது, அங்கே குளிர்காற்று வாங்க வரும் கூட்டத்தைக் கவனித்தார். அந்த மலையில் நம்மவர்கள் பல காலமாகத் தேயிலை பறித்துவந்தார்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு குளிர்மலை இருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று லிம் கணக்குப் போட்டார். வரைபடத்தை விரித்துத் தேடியவரின் கண்ணில் பட்டது பகாங், சிலாங்கூர் எல்லையிலுள்ள உலு காலி மலை. உயரம் சுமார் 1,800 மீட்டர்.

1965 ஏப்ரலில் நிறுவனம் பதிவானது. மக்களவையின் முதல் சபாநாயகர் முகமட் நோவா ஓமார் அதில் பங்காளியானார். பகாங்கில் 12,000 ஏக்கர், சிலாங்கூரில் 2,800 ஏக்கர், இரண்டும் நிரந்தர உரிமையோடு கிடைத்தன. அந்த ஆகஸ்டிலேயே கெந்திங் செம்பாவிலிருந்து காட்டை வெட்டி, பாறையை வெடிவைத்துப் பிளந்து சாலை போடத் தொடங்கினார்கள். உச்சியை எட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன.

1969 மார்ச் 31 அன்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மேலே வந்து முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார். அரசுப் பணம் இல்லாமல் எழும் நகரத்தைப் பார்த்து மகிழ்ந்தார். அடுத்த மாதமே சூதாட்ட உரிமம் கிடைத்தது. உரிமம் வந்து இரண்டு வாரத்தில் மே 13 இனக்கலவரம் நாட்டையே உலுக்கியது. ஆனாலும் மலையில் வேலை நிற்கவில்லை. 1971 மே 8 அன்று 200 அறைகளோடு ஹோட்டல் திறந்தது.

சூதாட்டக் கூடத்துக்குள் முஸ்லிம்களுக்கு அனுமதியில்லை. அந்தக் காலத்தில் மற்ற ஆண்களும் நினைத்த உடையில் நுழைய முடியாது. டை கட்டியிருக்க வேண்டும், அல்லது முழுக்கை பத்தேக் சட்டை போட்டிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இல்லாதவர்களுக்கு வாசலிலேயே சட்டை வாடகைக்குக் கிடைத்தது. இரவல் சட்டையில் உள்ளே போனவர் மாதச் சம்பளத்தையே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்த கதைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. அந்தக் கண்ணீரை மறைத்துக் கெந்திங்கின் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

1960களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. துண்டாடலில் வேலையும் வீடும் இழந்த தோட்டத் தொழிலாளர்களுக்காக அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆகுங்கள் என்று கேட்டார். பால் வெட்டிச் சம்பாதித்த பணம் அது. அந்தச் சேமிப்பில் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம்.

லிம்முக்குத் துணிச்சலும் உழைப்பும் இருந்தன. அரசின் ஒரு கையெழுத்தும் கிடைத்தது. நம் தாத்தா பாட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர யாருமில்லை. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தே மண்ணை மீட்டார்கள். கெந்திங்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். புக்கிட் சிடிமை எத்தனை பேருக்குத் தெரியும்? மலாக்காவின் நியாலாஸிலோ ஜாசினிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் இருந்தால், பிள்ளைகளை உட்காரவைத்து அதன் கதையைச் சொல்லுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: சிவப்பு அடையாள அட்டையும் ஊர் திரும்பிய கப்பல்களும்