மூளைக் கட்டிக்குப் பழைய மருந்துகள்: வெலிங்டன் ஆய்வு காட்டும் நம்பிக்கையும் எல்லையும்

மூளையில் தோன்றும் புற்றுநோய்களில் மிகவும் கொடியது கிளையோபிளாஸ்டோமா. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசொலமைட் மாத்திரை ஆகியவையே இன்றும் இதற்கான வழமையான சிகிச்சை. 2005இல் வெளியான ஸ்டுப் ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதங்கள். டெமோசொலமைட்டும் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதங்களாக உயர்ந்தது.

புதிய மருந்தொன்றை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவை. ஆகவே, வேறு நோய்களுக்கு ஏற்கெனவே பயன்படும் மருந்துகள் இங்கே உதவுமா என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். அவற்றின் அளவும் பக்கவிளைவுகளும் முன்பே தெரிந்தவை, விலையும் குறைவு.

அத்தகைய முயற்சி ஒன்று நமது நாட்டிலேயே நடந்தது. வெலிங்டனிலுள்ள கில்லீஸ் மெக்கிண்டோ ஆய்வு நிறுவனத்தினர், இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் ரெனின்-அஞ்சியோடென்சின் அமைப்பின் கூறுகள் இக்கட்டியின் தண்டு உயிரணுக்களிலும் இருப்பதைக் கண்டனர். அந்த அமைப்பையும் அதோடு தொடர்புடைய பாதைகளையும் தடுக்க, புரோபிரனோலோல், அலிஸ்கிரென், சிலாசாபிரில், செலிகொக்சிப், அஸ்பிரின், மெட்ஃபோர்மின் ஆகியவற்றோடு, மஞ்சளிலுள்ள குர்க்குமினையும் மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்த்து 17 நோயாளர்களுக்குக் கொடுத்தனர். முடிவுகள் 2022இல் வெளியாயின. நோயாளர்கள் சிகிச்சையை நன்கு தாங்கிக்கொண்டனர். நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து இடைநிலை ஆயுட்காலம் 19.9 மாதங்கள்.

எனினும் இது முதற்கட்டச் சோதனை. பாதுகாப்பை அறிவதே அதன் முதல் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இருக்கவில்லை. முந்தைய நோயாளர்களோடு ஒப்பிட்டபோது தெரிந்த கூடுதல் மாதங்கள் புள்ளிவிபர ரீதியில் உறுதியாகவில்லை. பெரிய சோதனையே விடை தரும். ஆனால் காப்புரிமை முடிந்த மலிவான மருந்துகளில் இலாபம் இல்லாததால், மருந்து நிறுவனங்கள் அதற்குப் பணம் போட முன்வருவது அரிது.

மஞ்சளும் மிளகும் பட்டியலில் இருப்பதால், நாமே வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். கறியில் போடும் மஞ்சள் வேறு. செறிவூட்டிய குர்க்குமின் குளிகை வேறு. அத்தகைய பொருட்கள் வார்ஃபரினோடு சேரும்போது இரத்தக்கசிவு ஆபத்து கூடலாம் என மெட்சேஃப் 2018இல் எச்சரித்தது. டெமோசொலமைட் இரத்தத் தட்டுகளைக் குறைக்கும். அதோடு அஸ்பிரினும் சேர்ந்தால் கசிவு ஆபத்து இன்னும் கூடும். புரோபிரனோலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

ஓக்லாந்தில் சிகிச்சை பெறும் குடும்பங்கள், வீட்டில் எடுக்கும் குளிகை, சூரணம், எண்ணெய் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளர் சேரக்கூடிய சோதனை ஏதும் நடக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். ஆங்கிலம் தடையானால், மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்.