நரி வேட்டையும் ஒரு வரவு செலவுக் கணக்கும்

பி.காம். படிப்பவனுக்கு நரியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள், இதுவும் ஒரு கணக்குதான்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் சிறுத்தை, ஓநாய் தலைக்கு அரசே சன்மானம் கொடுத்தது. 1875 முதல் 1925 வரை மட்டும் 1,50,000 சிறுத்தைகளும் 2,00,000 ஓநாய்களும் இப்படிக் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் சொல்கிறார். அமெரிக்காவில் மலைச் சிங்கத்துக்கும் கயோட்டிக்கும் இதே கதைதான்.

எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் பக்கம் நரிக்குறவர்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் நரி வேட்டையாடியது வயிற்றுக்காக. 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. மிஞ்சியது ஊசி, பாசிமணி.

சட்டம் தப்பில்லை, நரியும் பிழைக்க வேண்டும். ஆனால் பழங்குடிப் பட்டியலில் இவர்களுக்கு இடம் கிடைத்தது 2023-ல்தான். துரைமார் சுட்டதற்குச் சன்மானம், இவர்கள் தொழிலை விட்டதற்கு முப்பது வருடக் காத்திருப்பு. இந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும், சொல்லுங்கள்?