எஸ்டேட் என்னும் சொல்



"எந்த எஸ்டேட்?" என்று கேட்டால் நம்மவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். 'தோட்டம்' என்பதோடு சேர்ந்து அதுவும் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. அவற்றை அறிந்தால் நம் வரலாறும் சற்று விளங்கும்.

லத்தீன் மொழியில் 'ஸ்டேட்டஸ்' என்றால் நிலை. அச்சொல்லே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'எஸ்டேட்' ஆயிற்று. ஆகவே, அதன் அடிப்படைப் பொருள் நிலமன்று, ஒருவருடைய நிலை. திருமண வாழ்வையும் ஆங்கிலேயர் ஓர் எஸ்டேட் என்றனர்.

பின்னர் அது சமுதாயப் பிரிவுகளுக்கும் பெயராயிற்று. பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாம் எஸ்டேட். உழவர், வணிகர் முதலிய மற்றவரெல்லாம் மூன்றாம் எஸ்டேட். 1789இல் இந்த மூன்றாம் பிரிவினர் தங்களையே தேசிய சபை என்று அறிவித்தனர். பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பத்திரிகைகளை நான்காம் எஸ்டேட் என்பதும் இந்த வழக்கிலிருந்து வந்ததே.

ஒருவருடைய நிலையை அவருடைய நிலமே காட்டிய காலத்தில், எஸ்டேட் நிலத்துக்கும் சொத்துக்கும் பெயராயிற்று. இறந்தவர் விட்டுச் செல்லும் உடைமை முழுவதும் சட்டத்தில் அவருடைய எஸ்டேட்தான். மலாயாவிலோ 100 ஏக்கருக்குக் குறையாத ரப்பர் நிலத்தை எஸ்டேட் என்றார்கள்.

இங்கேதான் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எஸ்டேட்டிலே பால் வெட்டி, எஸ்டேட்டிலே கண்மூடிய நம் பாட்டன் பாட்டிமாரில் பலருக்குப் பிள்ளைகளிடம் விட்டுச் செல்ல எஸ்டேட் இருந்ததில்லை. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்தனர்.

அந்த நெருக்கடியில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேமிப்பு ஒன்றுதிரண்டது. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மரம் வெட்டியவரே பங்குதாரரும் ஆனார். அச்சொல்லின் இரு பொருள்களும் நம்மவர் வாழ்வில் ஒன்றாகச் சேர்ந்தது அப்போதுதான்.

நேயர்களே, சிறிதோ பெரிதோ, இன்று நமக்கும் விட்டுச் செல்ல ஏதேனும் இருக்கும். வீட்டு நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பெற வேண்டியவரின் பெயரைப் பதிந்துவிட்டோமா? இன்றிரவே குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.