சக்கரக் கம்பியின் நீளமும் அதன் கணிதமும்: அடுகோடியை முன்னிட்டு ஓர் ஆய்வு

பெங்களூரின் தென்பகுதியில் ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள அடுகோடியில், 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனம் டீசல் எஞ்சின்களுக்குரிய எரிபொருள் பம்புகளை மைக்ரான் நுட்பத்தோடு கடைந்து வந்த காலத்தில், அவ்வாலைத் தொழிலாளரின் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்த கடைக்காரர் கம்பியின் நீளத்தை ஒருபோதும் கணக்கிட்டதில்லை. கணக்கிடும் அவசியமும் அவருக்கு இருந்ததில்லை. அந்த அவசியமின்மை எவ்வாறு உண்டாயிற்று, பின்னர் எவ்வாறு அகன்றது என்பதே இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

முதலில் கம்பியின் கணக்கு எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம். மரத்தாலாகிய ஆரக்கால் பாரத்தைக் கீழிருந்து தாங்குவது. மெல்லிய எஃகுக் கம்பியோ இழுவிசையினால் மட்டுமே பயன் தருவது. 1869-இல் பாரிஸ் நகரத்து யூஜீன் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது கம்பிகள் நடுக்குடமாகிய ஹப்பிலிருந்து நேரே வெளிவளையமாகிய ரிம்முக்குச் சென்றன. அத்தகைய அமைப்பில் நீளங்காண்பதற்குச் செங்கோண முக்கோணத்தின் பழைய விதி ஒன்றே போதும். ஆனால் மிதிக்கும் விசை ஹப்பைத் திருகும்போது நேர்க்கம்பிகள் அதனை ரிம்முக்குச் செம்மையாகக் கடத்துவதில்லை. இக்குறையை நீக்கவே 1874-இல் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தொடுகோடுகளாய்ச் செல்லும் கம்பிகளை அமைத்தார். சக்கரம் உறுதி பெற்றது; கணக்கோ ஒரு படி கடினமாயிற்று.

அக்கணக்கை உதாரணத்தோடு நோக்குவோம். கம்பியின் நுனியை ரிம்மில் பிடிக்கும் மரையுறுப்பாகிய நிப்பிள் அமரும் இடத்தில் ரிம்மின் ஆரம் 310 மி.மீ., ஹப் தட்டில் துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரம் 22, நடுக்கோட்டிலிருந்து அத்தட்டின் தூரம் 30 என்க. 36 கம்பிகளை மும்முறை குறுக்கிட்டுப் பின்னினால், துளைக்கும் நிப்பிளுக்கும் இடைப்பட்ட கோணம் 720-ஐ மூன்றால் பெருக்கி 36-ஆல் வகுக்க வரும் 60 பாகை. மூன்று அளவுகளின் வர்க்கங்களையும் கூட்டி, இரு ஆரங்களின் பெருக்கற்பலனை இரட்டித்துக் கோணத்தின் கோசைனால் பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் கண்டால் 301.1 வரும். துளையின் ஆரமாகிய ஒரு மி.மீ. சொச்சத்தைத் தள்ள, ஏறத்தாழ 300. நேர்க்கம்பியாயின் இதனினும் 11 மி.மீ.க்கு மேல் குறைந்திருக்கும். ஹப் தட்டின் தூரத்தில் 5 மி.மீ. பிழை நேர்ந்தாலும் விடை அரை மி.மீ. அளவே மாறும்; ரிம்மின் ஆரத்தில் நேரும் பிழையோ அப்படியே கம்பியின் மேல் வந்து விழும். கம்பி நீண்டுவிட்டால் நிப்பிளைக் கடந்து வெளிவந்து டியூபைக் குத்தும். குறைந்துவிட்டால் மரை பிடிப்பதற்கு இடமிராது. ஆதலால் சூத்திரத்தை மனனம் செய்வதினும் ரிம்மை ஒழுங்காய் அளப்பதே பிரதானம் என்பது என் அபிப்பிராயம்.

இக்கணக்கை நம் நாட்டுக் கடைக்காரருக்கு வேண்டாததாக்கியது தொழிற்சாலையே. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கில நிறுவனமொன்றோடு கூடித் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்வித்த டி.ஐ. சைக்கிள்ஸ் முதலிய நிறுவனங்கள், முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 என்னும் ஆங்கிலேய வழக்கத்தையும், டயர் அமரும் விட்டம் 635 மி.மீ. கொண்ட 28 அங்குல ரிம்மையும் கைக்கொண்டன. 1947-இல் அமைந்த இந்தியத் தர நிர்ணய நிறுவனமும் சைக்கிள் உறுப்புகளுக்குப் பிரமாணங்களை வகுத்தது. உறுப்புகள் யாவும் ஒரே அளவினவாய் வந்தபின், கடைக்காரர் தம் பெட்டியில் சில அளவுக் கம்பிகளை வைத்திருந்தாலே காரியம் முடிந்தது. கணிதம் மறைந்துவிடவில்லை, ஆலையின் அளவுப் பட்டியலுக்குள் போய் அமர்ந்துகொண்டது.

கியர் வண்டிகள் பெருகியபோது அப்பட்டியல் சிதறிற்று. மலைவண்டியின் 26 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 559 மி.மீ.; பழைய 26 அங்குல ரிம்முள் ஒரு வகையோ 590. பெயரால் ஒன்றாயினும் ஆரத்தில் 15 மி.மீ.க்கு மேல் வேற்றுமை உண்டு. ஒன்றின் கம்பி மற்றதற்கு உதவாது. அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட சைக்கிள் சக்கரம் பற்றிய நூல், வீட்டில் சக்கரம் கட்டுவோர் பலருக்குக் கைந்நூலாயிற்று. இப்போது கணிப்பொறி கம்பியின் நீளத்தை நொடியில் தருகிறது. அடுகோடியின் பழைய ஆலை வளாகமும் மென்பொருட்பணிக்கு இடங்கொடுத்துவிட்டது. எனினும் எதிரெதிர்த் துளைகளில் இரு கம்பிகளைச் செருகி, இழுத்துப் பிடித்து ரிம்மை அளக்கும் வேலை கைக்கே உரியது. அளந்தபின் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒற்றைப் பல்சக்கர வண்டியில் ஹப்பின் இரு தட்டுகளும் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழச் சமதூரத்தில் நிற்பதால் ஒரே நீளம் போதும்; கியர் வண்டியின் பின்சக்கரத்திலோ பல்லடுக்கு இருக்கும் வலப்புறத் தட்டு உள்ளே தள்ளியிருப்பதால், அப்பக்கத்துக் கம்பி ஓரிரு மி.மீ. குறைந்திருத்தல் வேண்டும்.