நீலகிரியில் துப்பாக்கிக் கட்டுப்பாடு

நீலகிரி மாவட்டத்தில் துப்பாக்கி பற்றிய வாதம் காட்டு விலங்குகளைச் சுற்றியே நடந்துவருகிறது. இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதை 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முடக்கியது. மறு ஆண்டே நீலகிரிக்கென வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது காத்தது வெள்ளையரின் வேட்டைப் பொழுதுபோக்கைத்தான். மலைக்குடிகளின் தேவையை அல்ல.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் வழங்க இடமளிக்கிறது. குழல் வாயில் கரிமருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் கிட்டித்து, ஒவ்வொரு வெடிக்கும் புதிதாக நிரப்ப வேண்டிய துப்பாக்கி அது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. 2025-இல் தமிழக அரசு, காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறையினரே காட்டுப்பன்றியைச் சுட அனுமதித்தது. காட்டை ஒட்டியே கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நீலகிரி விவசாயிக்கு இதனால் பெரிய பயனில்லை.

ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கள்ளத் துப்பாக்கி செய்வோருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்தது. இரண்டாவது மாற்றமே முக்கியமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமில்லா ஆயுதங்களால் நிகழ்பவை. தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுபவையோ உரிமம் பெற்ற துப்பாக்கிகள்.