ஹந்தானையின் தங்கத் துகள்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியில் இருக்கிறது தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்த நிறுவகத்தில், சூரிய ஒளியை மின்னாக்கும் ஆய்வு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கண்ணாடித் தகட்டின் மீது டைட்டேனியம் டயொக்சைட்டைப் பூசி, பூச்சில் சாயத்தை ஊறவைத்துச் செய்யும் சூரியக் கலங்கள் இங்கே ஆராயப்படுகின்றன. வழக்கமாக இத்தகைய கலத்துக்குள் ஒரு திரவம் இருக்கும். அது கசியும், ஆவியாகும். 1995இல் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் அந்தத் திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தை வைத்துக் கலம் செய்து காட்டினார்கள்.

அடுத்த கட்டத்தில் தங்கம் நுழைந்தது. பூச்சில் தங்க, வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்தால் கலத்தின் வினைத்திறன் உயர்கிறது என்று பேராசிரியர் எம்.ஏ.கே.எல். திசாநாயக்க குழுவினர் 2016இல் வெளியான ஆய்வில் நிறுவினர்.

தங்கம் இங்கே என்ன செய்கிறது? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீற்றர். பத்து, இருபது நானோமீற்றர் அளவுள்ள தங்கத் துகளில் மஞ்சள் நிறம் இல்லை. ஒளி பட்டதும் அதன் கட்டற்ற இலத்திரன்கள் ஒருசேர அசைகின்றன. ஊஞ்சலைப் போக்கறிந்து தள்ளினால் உயர எழும்புவதுபோல, 520 நானோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளி அந்த அசைவை மிகுவிக்கிறது. பச்சை உறிஞ்சப்பட, எஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளித் துகள் 400 நானோமீற்றர் அருகே ஊதாவை விழுங்கி மஞ்சளைத் தருகிறது. துகளை ஒட்டி ஒளி செறிவதால் பக்கத்திலுள்ள சாயம் கூடுதல் ஒளியைப் பிடித்துக்கொள்கிறது.

இதன் வேர் 1857இல் இருக்கிறது. இலண்டனில் மைக்கேல் பரடே, தங்க உப்புக் கரைசலில் பொஸ்பரசைச் சேர்த்து மாணிக்கச் சிவப்பான நீர்மத்தைப் பெற்றார். அதில் சாதாரண உப்பைச் சேர்த்ததும் சிவப்பு நீலமாயிற்று. தங்கத்தின் அளவு மாறவில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்ததுதான் காரணம். இந்த நிறங்களுக்குக் கணிதம் எழுதியவர் ஜெர்மனியின் குஸ்தாவ் மீ, ஆண்டு 1908.

இன்னும் பின்னே போனால் நம் கடற்கரைக்கே வந்துவிடுவோம். மன்னார் அருகே மாந்தைத் துறைமுகத்திலும், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் செந்நிறக் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அவற்றுக்கு நிறம் செம்பால் வந்தது. உலையில் காற்று தாராளமாக இருந்தால் செம்பு கண்ணாடியில் கரைந்து நீலப்பச்சை தரும். காற்றைக் கட்டுப்படுத்திப் புகைய விட்டால், அதே செம்பு நுண்துகளாகப் பிரிந்து செங்கல் நிறம் தரும். இலத்திரன் என்ற பெயரே இல்லாத காலத்தில், உலையின் காற்றை அளந்து விட்டே அந்தக் கைவினைஞர்கள் உலோகத்தின் உருவை ஆண்டார்கள்.

அவர்கள் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அந்த நுட்பம் கையோடு வாழ்ந்து கையோடு மறைந்தது. ஹந்தானையில் அளவும் முறையும் எழுத்தில் ஏறுகின்றன. நாளை எந்த மாணவரும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். மாந்தையின் மணியும் ஹந்தானையின் கலமும் நம் பாடநூலில் ஒரே பாடத்தில் இடம்பெற வேண்டும். நானோ அறிவியல் இறக்குமதிச் சரக்கு என்ற எண்ணம் அப்போதுதான் நம் பிள்ளைகளின் மனதில் வேரூன்றாது.