மேலாளர்களின் விருந்தினர் பத்தி

நிறுவனப் பொறுப்பில் இருக்கும் ஒருவர், தமக்குச் சொந்தமல்லாத இதழில் தம் துறை பற்றியோ பிற பொருள் பற்றியோ எழுதும் கட்டுரை அல்லது தொடர் பத்தி. தம் நிறுவன மலரில் எழுதுவதைவிட இதற்கு மதிப்பு அதிகம். ஓர் ஆசிரியர் படித்து ஏற்றபின்பே அச்சேறுகிறது.

தமிழில் தலைசிறந்த சான்று சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008). பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர். அதே காலத்தில் கணையாழியில் ‘கடைசிப் பக்கம்’ எழுதினார். ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கணினியைக் கண்ணால் காணாத வாசகருக்கும் அதை விளக்க வேண்டியிருந்த இந்தப் பயிற்சி, எந்த மேலாண்மை வகுப்பிலும் கிடைக்காதது. ஓய்வுக்குப் பின் குமுதம் ஆசிரியர் பொறுப்பு, திரைப்பட நிறுவனப் பணி, அம்பலம் இணைய இதழ் என வாய்ப்புகள் தொடர்ந்தன. 1993இல் அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்காக மத்திய அரசின் விருதும் பெற்றார்.

மனிதவளத் துறையிலிருந்து வந்த சோம. வள்ளியப்பன் நிர்வாகம், பங்குச்சந்தை பற்றி எளிய தமிழில் எழுதிப் பெரும் வாசகர் வட்டத்தைப் பெற்றார்.

பெயர் பரவுவதைவிடப் பெரிய பலன், தெளிவு: தாம் அன்றாடம் எடுக்கும் முடிவின் காரணத்தை அந்நியருக்கு எழுதிக் காட்டும்போது அதன் ஓட்டைகள் மேலாளருக்கே தெரிகின்றன. நிறுவன ரகசியமும் சக ஊழியர் விவரமும் பத்தியில் இடம்பெறலாகாது. பொதுத்துறையில் இருப்போர் நடத்தை விதிகளையும் பார்க்க வேண்டும்.